தூண்டில் முதல் துணைக்கோள் வரை: தென்கடல் சிறுபடகின் வரலாறு



யூபிலி மலர் என்றால் கோவில் எழுந்த கதையும், பங்கில் உழைத்த குருக்கள், கன்னியர், உபதேசியார்களின் பணியும் இடம்பெறுவது மரபு. இக்கட்டுரை அவற்றை விட்டுக் கடலை நோக்கிப் போகிறது. நெல்லும் சூரியகாந்தியும் விளைகின்ற சுந்தரபாண்டியபுரத்தில் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் வியக்கக்கூடும். சற்றே எண்ணிப் பார்த்தால் கடல் நமக்கு அந்நியமன்று.

குற்றாலத்தில் விழுகிற நீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து செல்லும் இருப்புப்பாதை 1904-ஆம் ஆண்டு முதல் நம்மைக் கொல்லம் கடற்கரையோடு இணைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நம் வீடுகளில் கொதிக்கும் மீன்குழம்பு எங்கோ ஒருவன் இரவெல்லாம் விழித்துப் பிடித்த மீனால் ஆனது. இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் பகுதிக்கு விசுவாசம் வந்ததே கடற்கரை வழியாகத்தான். 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் புனித சவேரியார் அக்கரையில் வந்திறங்கினார். 1544-இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையின் முக்குவர் ஊர்களில் ஒரே மாதத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேருக்கு அவர் திருமுழுக்குக் கொடுத்தார். கடலோர மக்கள் விசுவாசத்தில் நமக்கு மூத்த சகோதரர்கள். அவர்களுடைய சிறுபடகில் எந்தக் கருவி எப்போது ஏறியது, எதற்காக ஏறியது, அதனால் விளைந்தது என்ன என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு கேள்விகள்

கடலில் தனித்து நிற்கும் மீனவன் எந்நேரமும் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுகிறான். நான் எங்கே இருக்கிறேன்? எனக்குக் கீழே என்ன இருக்கிறது? மீனை எப்படிப் பிடித்துக் கரை சேர்ப்பேன்? ஆபத்து வந்தால் என் குரல் யாருக்குக் கேட்கும்?

முதல் மூன்றுக்கும் நம் கடலோர முன்னோர் கருவி எதுவுமின்றியே விடை கண்டிருந்தனர். நான்காவதற்கு மட்டும் அவர்களிடம் செபமாலை தவிர வேறு விடை இல்லை. பிற்காலத்தில் படகில் கருவிகள் ஏறின. நான்காவது கேள்விக்கான விடை எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. அந்தத் தாமதத்திற்குக் கொடுத்த விலை பெரிது.

கட்டுமரமும் கணிச்சமும்

மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டுவதால் கட்டுமரம். உலகின் பல மொழிகளுக்குத் தமிழ் கொடுத்த சொற்களுள் இதுவும் ஒன்று. சோழமண்டலக் கரையில் இதைக் கண்ட ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியான தம் பயண நூலில் இதைப் பற்றி எழுதினார். கட்டுமரம் கவிழ்ந்தாலும் மூழ்காது; மிதக்கும் மரமே படகு. சீறிவரும் அலையை ஊடுருவிச் செல்ல அதைவிட ஏற்றது வேறில்லை. ஆனால் அமர இடமில்லை, மீனை வைக்க அறையில்லை, உடல் எப்போதும் நீரில் நனைந்துகொண்டே இருக்கும்.

அந்த மரத்தின் மீது நின்று, கரை கண்ணுக்கு எட்டுமட்டும் அவர்கள் தம் இடத்தை அறிந்த விதம் வியப்புக்குரியது. விழிஞ்ஞம் முதல் கன்னியாகுமரி வரையுள்ள கரையில் இதற்குக் கணிச்சம் என்று பெயர். கரையோரத்தில் ஓர் அடையாளம், தொலைவில் மலையில் ஓர் அடையாளம். எடுத்துக்காட்டாக, ஒரு கோவில் கோபுரமும் அதன் பின்னே ஒரு மலைமுடியும் ஒரே நேர்கோட்டில் தெரிகிற இடம் ஒரு கோடு. வேறு திசையில் ஒரு தென்னந்தோப்பும் இன்னொரு முடியும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் மற்றொரு கோடு. இரண்டு கோடுகளும் வெட்டுகிற புள்ளியில் மீன் கூடும் பாறை இருக்கிறது. கடலடியிலுள்ள இத்தகைய பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் நாம் படிக்கும் வடிவகணிதத்தை அவர்கள் கடலில் நின்று கண்ணாலேயே போட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனித்தனிப் புள்ளிகள் உண்டு. தந்தை மகனுக்குச் சொல்வார், அடுத்தவருக்குச் சொல்லமாட்டார்.

இதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. நம் ஊருக்கு மேற்கே நிற்கும் இதே மலைத்தொடர் தெற்கே நீண்டு செல்கையில், அதன் தென்கோடி முடிகள்தாம் கடலில் இருப்போருக்கு வழிகாட்டிகளாயின. கரையோரக் கோவில்களின் கோபுரங்களோ பக்திக்கு மட்டுமன்றிப் படகுக்கும் அடையாளமாயின.

நீண்டகரையில் தொடங்கியது

விசைப்படகின் காலம் நம் இருப்புப்பாதையின் மறுமுனையில் தொடங்கிற்று. 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரை ஊர்களில் இந்தோ-நார்வே திட்டம் செயற்படத் தொடங்கியது. சிறு மீனவனின் படகில் இயந்திரம் பொருத்துவது, மீனைப் பனிக்கட்டியில் காப்பது, ஊருக்கு மருத்துவமும் நல்ல குடிநீரும் தருவது ஆகியன அதன் நோக்கங்கள்.

நோக்கம் நல்லது. ஆனால் வெளிநாடுகளில் இறாலுக்குக் கிராக்கி ஏற்பட்டதும் திட்டம் வேறு பாதையில் போயிற்று. கடலடியை வாரியிழுக்கும் மடியைக் கட்டிய பெரிய விசைப்படகுகள் 1960-களில் பெருகின. பணமுள்ளவர் படகு வாங்கினார். கட்டுமரக்காரர் கரையிலேயே நின்றார். நாளடைவில் இரு சாராருக்கும் கடலிலும் கரையிலும் மோதல் மூண்டது. கேரளம் 1980-இலும் தமிழ்நாடு 1983-இலும் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றியதற்கு இம்மோதல்களும் ஒரு காரணம்.

இவ்விடத்தில் ஒரு சொற்குழப்பத்தைத் தெளிவுபடுத்துவது நலம். கடலடியை வாரும் மடியிழுப்புக்கு ஆங்கிலத்தில் டிராலிங் என்று பெயர். ஓடுகிற படகின் பின்னால் தூண்டிலை இழுத்துச் செல்வதற்கு டிரோலிங் என்று பெயர். ஓசையில் இவை உடன்பிறந்தவை போலத் தோன்றும். செயலிலோ நேர் எதிரானவை. முதலாவது சின்னது பெரியது பாராமல் எல்லாவற்றையும் அள்ளும். இரண்டாவதில் ஒரு முள்ளுக்கு ஒரு மீன். குஞ்சு தப்பும், பார் அழியாது. இந்த இரண்டாவது முறையை இக்கட்டுரையில் ஓட்டத்தூண்டில் என்று வழங்குவோம்.

முட்டத்துப் படகு

சிறு மீனவனுக்கு இயந்திரமும் கருவியும் வேண்டுமானால், அவற்றைத் தாங்கும் படகு முதலில் வேண்டும். கட்டுமரத்திற்கேற்ற இலேசான மரம் 1970-களில் அரிதாகி விலை ஏறிவிட்டது. இந்த நெருக்கடியில் கோட்டாறு மறைமாவட்டம் செய்த பணி, தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் நினைவுகூரத்தக்கது.

பெல்ஜியத்தில் பிறந்து கோட்டாறு மறைமாவட்டத்தில் உழைத்த அருட்தந்தை ஜேம்ஸ் தோம்பர் அவர்கள், கோட்டாறு சமூகப் பணிச் சங்கத்தின் வாயிலாக மீனவர் ஊர்களில் சங்கங்களை வளர்த்தார். மீனவன் வட்டிக்காரரிடமும் ஏலக்காரரிடமும் முன்பணம் வாங்குவான். பின் அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுப்பான். இந்தச் சுழலை உடைப்பதற்குச் சங்கமே கரையில் மீனை ஏலம் விட்டது. கிடைத்த விலையில் ஒரு சிறு பங்கைச் சேமிப்பாகவும் கடன் தவணையாகவும் பிடித்துக்கொண்டது. திருவனந்தபுரம் மறைமாவட்டத்தில் ஆயர் பீட்டர் பெர்நார்ட் பெரைரா அவர்கள் நிறுவிய மரியநாட்டிலும் இத்தகைய சங்கம் வேரூன்றியது. இச்சங்கங்களின் கூட்டமைப்பாக 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. சிஃப்ஸ் என்று மக்கள் சொல்வது இதனையே.

படகுக்கு முட்டம் மையமாயிற்று. பியர் ஜில்லே என்ற பெல்ஜிய நாட்டவர் அங்கே ஒட்டுப்பலகைப் படகு கட்டும் பணியில் ஈடுபட்டார். ஒட்டுப்பலகைத் தகடுகளை விளிம்பில் துளையிட்டு, கம்பியால் தைத்துப் பிணைத்து, மூட்டுகளைக் கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு மூடுவது அதன் முறை. எழுதும்போது எளிது, செய்யும்போது கடினம். படகு அலையைத் தாண்டிச் செல்ல வேண்டும். மணலில் மோதி ஏற வேண்டும். நீர் புகுந்தாலும் மூழ்கக் கூடாது. சிறிய இயந்திரத்தைத் தாங்க வேண்டும். விலையும் ஏழைக்கு எட்ட வேண்டும். பொறியாளர் வரைந்ததைக் கடலில் ஓட்டிப் பார்த்த மீனவர் குறை சொல்வர். அதற்கேற்ப மாற்றி மீண்டும் கட்டுவர். 'சிறியதே அழகு' என்ற கருத்தை 1973-இல் நூலாக எழுதிய ஷூமாக்கர், அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் கத்தோலிக்கரானவர். அவர் நிறுவிய இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்பும் இம்முயற்சிக்குத் துணை நின்றது. தம் அனுபவத்தை எழுதிய ஜில்லே 1985-இல் வெளிவந்த நூலுக்கு இட்ட பெயர் 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. சிறியது அழகுதான், ஆனால் சிறியதைச் செய்து முடிப்பது கடினம் என்பது அதன் கருத்து.

1980-களில் வெளிப்பொருத்து இயந்திரங்கள் கரையெங்கும் பரவின. படகின் பின்விளிம்பில் மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் தூக்கிச் செல்லக்கூடிய யமஹா, சுசுகி இயந்திரங்கள் அவை. பாய் விரித்துக் காற்றுக்குக் காத்திருந்தவன், விரும்பிய திசையில் விரும்பிய வேகத்தில் செல்லலானான். பாய்மரக் காலத்திலேயே அறியப்பட்ட ஓட்டத்தூண்டிலுக்கு இதனால் புது வாழ்வு பிறந்தது.

தூண்டில் பூட்டும் விதம்

இயேசுநாதர் காலத்து மீனவரை எண்ணும்போது நம் கண்முன் வருவது வலை. ஆனால் நற்செய்தியில் ஒரே ஓரிடத்தில் தூண்டிலும் வருகிறது. வரிப்பணத்திற்காக இராயப்பரைக் கடலுக்கு அனுப்பிய நிகழ்ச்சியை மத்தேயு எழுதிய நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் காணலாம். ஒரு முள், ஒரு மீன், தேவைக்கு மட்டும். ஓட்டத்தூண்டிலின் இலக்கணமும் அதுவே.

நாம் நெய்மீன் என்றும், தூத்துக்குடியார் சீலா என்றும், சென்னையார் வஞ்சிரம் என்றும் சொல்லும் மீனும், சூரையும், பாரையும் ஓடும் இரையைத் துரத்திப் பிடிப்பவை. ஆகவே இரை ஓட வேண்டும். படகு மணிக்கு நான்கு முதல் ஆறு கடல்மைல் வேகத்தில் செல்லும். அதிகாலையும் அந்தியும் ஏற்ற நேரங்கள். கடற்பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டுப் பாய்ந்தால், கீழே சிறுமீன் கூட்டமும் அதைத் துரத்தும் பெருமீனும் உண்டென்று பொருள்.

முற்காலத்தில் கயிறு பருத்தியால் ஆனது. உப்புநீரில் அழுகாதிருக்க அதை மரப்பட்டைச் சாற்றில் தோய்த்தெடுப்பர். 1930-களில் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட நைலான், இந்தியா விடுதலை பெற்ற பின் இக்கரைக்கு வந்தது. மீனுக்குத் தெரியாத ஒற்றையிழை நைலானை நம் கடலோரத்தார் தங்கூசி என்பார்கள். முள் பெரும்பாலும் நார்வே நாட்டின் மஸ்டாட் தொழிற்சாலையினது. 1832-இல் தொடங்கி, 1877-இல் முள் செய்யும் இயந்திரத்தை உருவாக்கிய நிறுவனம் அது.

கயிற்றின் நுனியில் ஓரிரு முழம் எஃகுக் கம்பி இருக்கும். நெய்மீனின் பல் கத்தி போன்றது. கம்பி இல்லையேல் ஒரே கடியில் முள்ளும் போகும், மீனும் போகும். கம்பிக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு சுழல்வளையம் வேண்டும். இல்லாவிட்டால் இரை சுழலச் சுழலக் கயிறு முறுக்கேறிச் சிக்காகும். இரையாகக் கோழியிறகு, நிற நைலானிழை, பளபளக்கும் தாள் ஆகியவற்றை முள்ளின்மேல் கட்டுவர். அது நீரில் துடிக்கும்போது குட்டி மீன் போலவே தோன்றும். இரையைச் சற்றே ஆழத்தில் ஓட்ட விரும்பினால் ஈயக்குண்டு சேர்ப்பார்கள்.

ஒரு படகில் பல கயிறுகள் இழுக்க வேண்டுமானால் இருபுறமும் நீண்ட மூங்கிற்கழிகளைச் சாய்த்துக் கட்டி, கயிறுகளை விலக்கிப் பிடிக்க வேண்டும். எல்லாம் ஒரே நீளமாக இருக்கலாகாது. நடுவிலுள்ளது குட்டை, ஓரத்திலுள்ளது நெட்டை என்று வைத்தால்தான் படகு திரும்பும்போது பின்னிக்கொள்ளாது. கயிறு படகோடு சேருமிடத்தில் டியூப் ரப்பர்த் துண்டு ஒன்றைச் சேர்ப்பதும் உண்டு. பெருமீன் வெட்டியிழுக்கும் முதல் அதிர்ச்சியை அது தாங்கிக்கொள்ளும். கயிறும் அறாது, மீனின் வாயும் கிழியாது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இயந்திரம் ஓடிக்கொண்டே இருப்பதால் எண்ணெய்ச் செலவு மிகும். மீன் எங்கே என்று அறியாமல் நாள் முழுதும் ஓடினால் விற்ற பணம் எண்ணெய்க்கே போய்விடும். எனவே பலர் வேறு தொழிலுக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் மட்டும் தூண்டிலை ஓட விடுவார்கள். மீன் இருக்குமிடத்தை முன்னதாகவே அறிய முடிந்தால் கையில் காசு தங்கும். மின்னணுக் கருவிகள் சிறுபடகுக்கு வந்த காரணம் இதுதான், ஆடம்பரம் அன்று.

ஆழம் காட்டும் பெட்டி

கடலின் ஆழத்தை அறிய ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். எதிரொலிமானி அதையே ஒலியால் செய்கிறது. படகின் அடியிலிருந்து ஓர் ஒலித்துடிப்பு கீழே செல்கிறது; தரையில் மோதித் திரும்புகிறது. நீரில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். போய்வர ஒரு வினாடியில் பத்திலொரு பங்கு ஆனால், சென்றது 150 மீட்டர். அதில் பாதியாகிய 75 மீட்டர் ஆழம். மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பையும் ஒலியைத் திருப்பியனுப்பும் என்பதைப் பயன்படுத்தி, ஜப்பானில் நாகசாகி வட்டாரத்தைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் 1948-இல் மீன் காட்டும் கருவியை வணிகமுறையில் வெளியிட்டனர்.

நீர்மட்டத்தை ஒட்டி ஓடும் நெய்மீனையும் சூரையையும் இக்கருவி அவ்வளவாகக் காட்டாது. அது காட்டுவது பாரை. பார் இருந்தால் சிறுமீன் கூடும். சிறுமீன் கூடினால் பெருமீன் வரும். அதன் ஓரமாகப் படகை ஓட்டுவதே உத்தி.

கருவியைப் பொருத்துவதில் நம் கரைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. துறைமுகத்தில் நிற்கும் படகின் அடியில் ஒலிவாங்கியை நிலையாகப் பதித்துவிடலாம். மணலில் ஏறும் படகில் அப்படிப் பதித்தால் முதல் நாளே நொறுங்கிவிடும். எனவே ஒரு கழியின் நுனியில் அதைக் கட்டி, கடலுக்குச் சென்றபின் பக்கவாட்டில் இறக்கி, திரும்பும்போது தூக்கிவிடுவது ஏற்ற வழி. சுழலியின் நுரை படும் இடத்தில் இறக்கினால் திரையில் நுரைதான் தெரியும். 12 வோல்ட் பேட்டரியை மூடிய பெட்டியில் உயரமாகக் கட்ட வேண்டும். கம்பி இணைப்புகளில் உப்பு ஏறாதபடி கிரீஸ் தடவ வேண்டும். திசைகாட்டியின் அருகே இரும்போ ஒலிபெருக்கியோ இருக்கலாகாது. சிறு விஷயங்களே, ஆனால் கடலில் உப்பு செய்யும் சேதம் பெரிது.

இடம் காட்டும் பெட்டி

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்கப் படைத்துறை அமைத்தது. அதன் முதல் துணைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது. 1983-இல் வழிதவறிய கொரியப் பயணி விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்ட பின்பு, பொதுமக்களும் இதைப் பயன்படுத்தலாம் என அமெரிக்க அரசு அறிவித்தது. 1995-இல் அமைப்பு முழுமையடைந்தது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்களில் நான்கினது குறிப்பொலி கிடைத்தால், கையடக்கப் பெட்டி நம் இடத்தை எண்ணால் சொல்லிவிடும். தொடக்கத்தில் பொதுமக்களுக்குரிய அலையில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டிருந்தது. நூறு மீட்டர் வரை விலகும். 2000 மே மாதம் அது நீக்கப்பட்டதும் பிழை பத்து மீட்டர் அளவுக்குக் குறைந்தது. சிறிய பாரைத் தேடிச் செல்பவனுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது!

1990-களின் பிற்பகுதி முதல் சிஃப்ஸ் போன்ற அமைப்புகளின் வாயிலாக இப்பெட்டி குமரிக் கரையில் பரவிற்று. எழுதப் படிக்கத் தெரியாத முதியவரும் எண்களைப் பழகிக்கொண்டார். கணிச்சம் கரை தெரியும் மட்டும்தான் உதவும். பெட்டிக்கு மூடுபனியும் இல்லை, இரவும் இல்லை. தூத்தூர் பகுதி மீனவர் சுறாவையும் சூரையையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்ய இது துணையாயிற்று. 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் இலங்கையோடு வரையப்பட்ட கடலெல்லை கண்ணுக்குத் தெரியாத கோடு. அக்கோட்டை அறியவும் பெட்டியே வழி.

ஆதாயத்தோடு ஓர் இழப்பும் வந்தது. தலைமுறைகளாகக் காத்த புள்ளி, பெட்டியில் ஏறியதும் ஒரு பொத்தானில் இன்னொருவருக்குப் போய்விடுகிறது. மகன் மலையைப் பார்ப்பதில்லை, திரையைப் பார்க்கிறான். நீவாடு என்று அவர்கள் வழங்கும் நீரோட்டத்தின் போக்கை அறிந்த பெரியவர்கள் குறைந்துவருகிறார்கள். பேட்டரி தீர்ந்த இரவில் படகைக் கரை சேர்ப்பது அந்தப் பழைய அறிவுதான். இரண்டும் வேண்டும் என்பதே நடுநிலை.

இத்துடன் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்தது. 1999-இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட இந்தியப் பெருங்கடல் தகவல் மையம், கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் துணைக்கோள் வழியாகக் கணித்து, மீன் கூடக்கூடிய இடங்களைத் தமிழிலும் அறிவிக்கிறது. வெப்பநீரும் குளிர்நீரும் சந்திக்கும் விளிம்பில் சூரை கூடும் என்பதால், ஓட்டத்தூண்டில்காரருக்கு இது எண்ணெய் மிச்சம்.

கேட்காமல் கொடுத்தது

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு முதலிய ஊர்களைச் சூறையாடியது. உலகமே இரங்கி உதவியது. கண்ணாடியிழைப் படகுகள் ஆயிரக்கணக்கில் வழங்கப்பட்டன. நல்ல மனத்தோடு கொடுத்தவைதாம். ஆயினும் சில இடங்களில் இழந்ததைவிடப் படகுகள் மிகுந்தன. அந்தக் கரையின் அலைக்குப் பொருந்தாதவையும் வந்தன. முட்டத்தில் ஆண்டுக்கணக்கில் மீனவரோடு அமர்ந்து ஒரு படகை உருவாக்கிய பொறுமையை இதனோடு ஒப்பிட்டால் பாடம் விளங்கும். உதவி செய்யுமுன் உதவி பெறுபவரிடம் கேட்க வேண்டும். இப்பாடம் கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. நம் பங்கின் அன்பியங்களுக்கும் வின்சென்ட் தே பவுல் சபைக்கும் உரியது.

நான்காவது கேள்வி

2017 நவம்பர் இறுதியில் குமரிமுனையருகே ஒக்கிப் புயல் உருவாயிற்று. நவம்பர் 30 அன்று கரையில் எச்சரிக்கை ஒலித்தபோது, ஆழ்கடலுக்கு முன்பே சென்றுவிட்டவர்களுக்கு அதை எட்டச்செய்ய வழியில்லை. அப்படகுகளில் ஜி.பி.எஸ். இருந்தது. எதிரொலிமானியும் இருந்தது. தாம் எங்கே இருக்கிறோம், கீழே எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. தங்களை நோக்கி என்ன வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை. தாம் இருக்குமிடத்தைச் சொல்லவும் ஆளில்லை. வி.எச்.எப். வானொலி நேர்க்கோட்டில் மட்டுமே செல்லும். சிறுபடகின் தாழ்ந்த கம்பத்திலிருந்து கரைக்கு ஏறத்தாழ இருபது இருபத்தைந்து கடல்மைல்தான் எட்டும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களிலும் கேரளக் கரையிலும் நூற்றுக்கணக்கான மீனவர் மாண்டனர், அல்லது காணாமற்போயினர். உடல் கிடைக்காத கணவனுக்காக எந்த நாளில் நினைவுத் திருப்பலி கேட்பது என்று அறியாமல் கைம்பெண்கள் நின்றார்கள்.

அதன் பின்னரே நான்காவது கேள்வி பெரிதாகப் பேசப்பட்டது. 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் கருவி அறிமுகமாயிற்று. துணைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையைக் கரையெட்டாத் தொலைவிலும் கைப்பேசிக்குத் தருவது அது. கேட்கலாம், திரும்பப் பேச முடியாது. ஆபத்துக் குறிப்பை அனுப்பும் வேறொரு கருவியை நம் விண்வெளி ஆய்வு நிறுவனம் 2010-லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. அதில் அனுப்பலாம், ஆனால் யாருக்காவது கேட்டதா என்று அனுப்பியவனுக்குத் தெரியாது. 2024 சனவரியில் வந்த அதன் இரண்டாம் தலைமுறைக் கருவிதான் 'உன் செய்தி கிடைத்தது' என்று படகுக்குப் பதில் சொல்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் கடலோர மாநிலங்களில் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கி வைத்தது.

நடுக்கடலில், இருட்டில், 'கேட்டது' என்ற ஒரு சொல்லின் மதிப்பை எண்ணிப் பாருங்கள். ஆழமும் இடமும் அறிய ஒருவனுக்கு ஒரு பெட்டி போதும். ஆனால் ஒருவன் குரல் கேட்கப்பட வேண்டுமானால் கரையில் இன்னொருவன் விழித்திருக்க வேண்டும். இதைப் பெட்டியாகச் செய்து விற்க முடியாது. அதனால்தான் இது கடைசியில் வந்தது.

இங்கே நம் மலையின் தொடர்பு மீண்டும் வருகிறது. மகேந்திரகிரியில் இந்திய விண்வெளி நிறுவனத்தின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ஏவுகணைகளின் இயந்திரங்கள் அங்கே சோதிக்கப்படுகின்றன. அத்தகைய இயந்திரங்களோடு எழுந்த ஏவுகணைகளே 2013 முதல் 2016 வரை நம் நாட்டின் வழிகாட்டித் துணைக்கோள்கள் ஏழினை விண்ணில் சேர்த்தன. அன்று முடியைக் காட்டி மீனவனுக்கு வழி சொன்ன மலைத்தொடர், இன்று வேறு விதத்திலும் அவனுக்கு வழி சொல்கிறது.

நம் கடமை

இவ்வரலாற்றிலிருந்து உள்நாட்டுப் பங்காகிய நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

மீன் வாங்கும்போது விலையை மட்டும் பேசாமல், எங்கே, எப்படிப் பிடித்தது என்றும் கேளுங்கள். தூண்டில் மீனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கடலுக்கும் ஏழைக்கும் செய்கிற உதவி. கடலில் மீன் இனம் பெருகும் காலத்தில் அரசு 61 நாள் விசைப்படகுத் தடை விதிக்கிறது. அந்நாட்களில் மீன் விலை ஏறினால் முணுமுணுக்காதீர்கள். மடி இழுப்பவனும் அந்நாட்களில் பசித்திருக்கிறான்.

மின்னணுவியலும் இயந்திரத் தொழிலும் படிக்கும் நம் பங்கு இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பொருத்திக் கொடுப்பவர் பலர். பழுது பார்ப்பவர் சிலர். உப்பேறிய ஒரு கம்பியைச் சுத்தம் செய்து, ஊமையான ஒரு கருவியைப் பேச வைக்கிறவன், ஒரு குடும்பத்தின் விளக்கை அணையாமல் காக்கிறான். கடலோரத்தில் அப்பணிக்கு ஆட்கள் வேண்டும்.

இறுதியாக, கேட்கும் காதாக இருப்பது கடற்கரைக் காவலருக்கு மட்டுமே உரிய கடமை அன்று. நம் பங்கிலும் நடுக்கடலில் நிற்பவர்கள் உண்டு. கடனில் மூழ்குபவர், நோயில் தனித்திருப்பவர், தொலைவில் பிழைக்கச் சென்று செய்தி இல்லாத மகனுக்காக வாசலில் காத்திருக்கும் தாய் என்று எத்தனையோ பேர். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆழமும் தெரியும். அவர்கள் குரலுக்கு 'கேட்டது' என்று பதில் சொல்ல ஒருவர் விழித்திருக்கிறாரா என்பதே இந்த யூபிலி ஆண்டில் நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. கடலின் விண்மீனாகிய தேவதாய் நம்மையும், அலைமேல் இருக்கும் நம் சகோதரரையும் காத்தருள்வாராக.